பத்து ஏக்கர் செடியும் ஒரு லித்தியம் சுரங்கமும்: நெவாடாவின் டீஹ்ம் பக்வீட் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகஸுக்கும் ரீனோவுக்கும் இடைப்பட்ட வறண்ட மலைநாட்டில் எஸ்மரால்டா மாவட்டம் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து 729 பேர்தான். நம் ஊரில் ஒரு சிறு கிராமத்தின் வாக்காளர் பட்டியலில்கூட அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். அங்குள்ள சில்வர் பீக் மலைத்தொடரில் ரயோலைட் ரிட்ஜ் என்றொரு மேடு. ஏறக்குறைய 1,800 முதல் 1,900 மீட்டர் உயரத்தில், வெளிறிய களிமண் சரிவுகளில், உலகில் வேறு எந்த இடத்திலும் இயற்கையாக வளராத ஒரு குத்துச்செடி அங்கே இருக்கிறது. அது பரவியிருக்கும் இடங்களையெல்லாம் ஒன்று சேர்த்தாலும் சுமார் பத்து ஏக்கர், அதாவது நான்கு ஹெக்டேர்தான் வரும். மதுரைப் பக்கத்துக் கண்மாய்கள் பலவற்றின் நீர்ப்பரப்பு இதைப்போல் பல மடங்கு பெரியது.

அந்தப் பத்து ஏக்கரின் அடியிலும் அக்கம்பக்கத்திலும் லித்தியம் இருக்கிறது. மின்சாரக் கார்களின் பேட்டரிக்குத் தேவையான அதே லித்தியம். செடியைக் காக்க வேண்டும் என்று ஒரு தரப்பும், புவி வெப்பமாவதைத் தடுக்க அந்த உலோகம் வேண்டும் என்று இன்னொரு தரப்பும் 2019 முதல் மோதி வருகின்றன. செய்தித்தாள்கள் இதைப் பெரும்பாலும் 'செடியா, காரா' என்ற கேள்வியாகவே எழுதின. அந்தக் கேள்வியே தவறு என்பது என் எண்ணம். இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது வேறு: ஒரு தாவரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லும்போது நாம் எதைக் காப்பாற்றுகிறோம்? தனித்தனிச் செடிகளையா, அவை நிற்கும் நிலத்தையா? ஒவ்வொரு கட்டத்திலும் முடிவெடுத்தவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறினார்கள்.

செடி

பக்வீட் என்ற பெயரைக் கேட்டதும் வட இந்தியர்கள் நவராத்திரி விரதத்தில் சாப்பிடும் குட்டு மாவு நினைவுக்கு வரலாம். அது பயிரிடப்படும் பக்வீட். பெயரில் 'வீட்' இருந்தாலும் அது கோதுமையின் உறவு அன்று, புல் இனமும் அன்று. நம் சமையலறைக்குப் பழக்கமான சுக்கான்கீரையும், வேலிகளில் இளஞ்சிவப்பாகப் படரும் கொடிரோஸும் அதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தில் வட அமெரிக்காவுக்கே உரிய பெரும் கிளை ஒன்று உண்டு. அதன் பேரினப் பெயர் எரியோகோனம். கிரேக்க மொழியில் கம்பளி, முழங்கால் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து ஆந்திரே மிஷோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1803இல் அந்தப் பெயரை வைத்தார். அவர் கண்ட செடியின் கணுக்களில் பஞ்சு போன்ற மயிர் இருந்தது. இன்று அந்தப் பேரினத்தில் சுமார் 250 இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. பாலைநிலமும் பாறைச் சரிவும் உப்பு மண்ணும் அவற்றின் வீடு. ஒவ்வொன்றும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, அந்த மூலைக்கே ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்ட வரலாறு இந்தப் பேரினத்தில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது.

டீஹ்ம் பக்வீட் அப்படிப்பட்ட ஒன்று. தரையோடு தரையாக, மெத்தைத் துண்டு போல வட்டமாகப் படர்ந்திருக்கும் பல்லாண்டுச் செடி. இலைகள் நீலங்கலந்த சாம்பல் நிறம், மேலே நெருக்கமான மென்மயிர். மே, ஜூன் மாதங்களில் சிறு காம்புகளின் நுனியில் வெளிர்மஞ்சள் பூவுருண்டைகள் தோன்றும். நாளாக ஆக அவை செம்மை ஏறும். ஜூன் கடைசியிலிருந்து ஜூலைக்குள் விதை முற்றிவிடும். ஆண்டின் மற்ற மாதங்களில் பார்த்தால் சாம்பல் மண்ணில் சாம்பல் திட்டு. தெரியாதவர் கால் வைத்தே கடந்துவிடுவார்.

1983இல் அர்னால்ட் டீஹ்ம் என்ற தாவரச் சேகரிப்பாளர் கடந்துவிடவில்லை. நெவாடாவின் மலைகளில் பல ஆண்டுகள் நடந்து, உலர்தாவரத் தொகுப்புகளுக்காக மாதிரிகள் சேகரித்தவர் அவர். அவர் எடுத்துவந்ததை ஆராய்ந்த ஜேம்ஸ் ரெவீல், எரியோகோனம் பேரினத்தில் முதன்மையான அறிஞர். 1985இல் அதைப் புதிய இனமாக அறிவித்து, கண்டெடுத்தவரின் பெயரையே சூட்டினார்: எரியோகோனம் டீஹ்மி.

ஒரே ஏரியின் இரண்டு பிள்ளைகள்

செடியும் தாதுவும் ஒரே இடத்தில் இருப்பது தற்செயல் அன்று. இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் பிறகு நடந்த எதுவும் புரியாது.

மயோசீன் காலத்தில், அதாவது மனித இனம் தோன்றுவதற்கு வெகு முன்பே, அந்தப் பகுதியில் எரிமலைகள் இருந்தன, ஏரியும் இருந்தது. எரிமலைச் சாம்பலிலிருந்து கரைந்துவந்த லித்தியமும் போரானும் ஏரியின் படிவுகளில் அடுக்கடுக்காகத் தங்கின. ஏரி வற்றியது. நிலம் உயர்ந்து சாய்ந்தது. சில இடங்களில் அந்தப் படிவங்கள் மேற்பரப்புக்கே வந்துவிட்டன. போரான் மிகுந்த அந்த மண்ணில் பெரும்பாலான செடிகளால் நிற்க முடியாது. அளவு கூடினால் போரான் தாவரங்களுக்கு நஞ்சு. மற்றவை ஒதுங்கிய அந்த வெற்றுத் திட்டுகளில்தான் டீஹ்ம் பக்வீட் தன் இடத்தைப் பிடித்தது. நெவாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செடி நிற்கும் மண்ணையும் சில அடிகள் தள்ளி அது நிற்காத மண்ணையும் ஒப்பிட்டபோது, இரண்டும் வேதியியலில் வேறுபட்டவை என்று கண்டார்கள்.

எனவே நிலவியலாளர் லித்தியத்தைத் தேடிக்கொண்டு போனால் இந்தச் செடியைத்தான் மிதிப்பார். தாவரவியலாளர் செடியைத் தேடிக்கொண்டு போனால் அந்தத் தாதுப்படிவத்தின் மேல்தான் நிற்பார். நிலத்துக்குப் பூவின் பெயரைச் சூட்டிய மரபில் வந்தவர்கள் நாம். குறிஞ்சி என்றால் பூவும்தான், மலையும்தான். ரயோலைட் ரிட்ஜில் அந்த ஒற்றுமை உவமையாக இல்லை, மண்ணின் வேதியியலாகவே இருக்கிறது.

முப்பத்தாறு ஆண்டுகள் நடந்தது என்ன?

1983இல் கண்டுபிடிப்பு. அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கக் கோரும் மனு 2019 அக்டோபரில். இடையில் 36 ஆண்டுகள். இந்தச் செடி எவ்வளவு சிறிய இடத்தில் இருக்கிறது என்பது தாவரவியலாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. நிலம் அமெரிக்கக் கூட்டாட்சி அரசுடையது. அதை நிர்வகிக்கும் நில மேலாண்மைப் பணியகம் செடியைத் தன் 'கவனத்துக்குரிய இனங்கள்' பட்டியலில் வைத்திருந்தது. அந்தப் பட்டியலில் இருப்பதால் அதிகாரிகள் திட்டங்களைப் பார்க்கும்போது செடியைக் கருத்தில் கொள்ள வேண்டும். எதையும் தடுக்கும் வலிமை அதற்கு இல்லை.

எதிர்ப்பக்கம் 1872ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் நிற்கிறது. மேற்கு மாநிலங்களில் குடியேற்றத்தை ஊக்குவிக்க எழுதப்பட்ட அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கூட்டாட்சி நிலத்தில் உலோகத் தாது கண்டவர் உரிமை கோரலாம். எடுக்கும் தாதுவுக்கு அரசுக்கு உரிமத்தொகைகூடக் கட்ட வேண்டியதில்லை. ஆக, ஒருபுறம் 150 ஆண்டுகள் வேரூன்றிய உரிமை, மறுபுறம் 'கருத்தில் கொள்க' என்ற ஒரு குறிப்பு. இந்த ஏற்றத்தாழ்வில்தான் வழக்கு தொடங்கியது.

ஆஸ்திரேலிய நிறுவனமான அயனீர், முன்பு வேறு பெயரில் இயங்கியபோதே, 2016இல் இந்தப் படிவத்தில் கால் பதித்தது. லித்தியமும் போரானும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். அப்படிப்பட்ட பெரிய படிவம் என்பது நிறுவனத்துக்குப் பெரும் ஈர்ப்பு. அமெரிக்காவில் அப்போது லித்தியம் எடுத்துவந்த ஒரே இடமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. பக்கத்துக் கிளேட்டன் பள்ளத்தாக்கில் 1960களிலிருந்து நிலத்தடி உப்புநீரை ஆவியாக்கி லித்தியம் எடுக்கிறார்கள். ரயோலைட் ரிட்ஜில் திட்டமிட்டது அதைப்போல் குளம் கட்டி நீரை ஆவியாக்கும் வேலை அன்று. பாறையை வெட்டி எடுக்கும் திறந்தவெளிச் சுரங்கம். முதலில் வரையப்பட்ட திட்டம் செடி இருந்த இடத்தின் பெரும்பகுதியை விழுங்குவதாக இருந்தது.

ஆய்வுக் குழிகளும் பாதைகளும் தோண்டத் தொடங்கியதும் உயிரியல் பல்வகைமை மையம் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2019 அக்டோபரில் மனுவோடு வந்தது. மனு வந்த நேரத்தைச் சுட்டிக்காட்டி, சுரங்கத்தைத் தடுக்கவே செடியைக் கையில் எடுத்தார்கள் என்று சிலர் குறை கூறினார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு வீட்டுக்குப் பூட்டு போடவில்லை என்பதைத் திருடன் வாசலுக்கு வந்தபோது கவனித்தால், பூட்டு தேவையற்றது என்றாகிவிடாது. குறை சொல்ல வேண்டியது, முப்பத்தாறு ஆண்டுகள் பூட்டைத் தேடாமல் இருந்ததை.

2020 செப்டம்பர்

இந்த வழக்கில் நான் அதிக நேரம் நின்று யோசித்த இடம் இதுதான்.

2019இல் எடுத்த கணக்கெடுப்பில், செடி பிரிந்து வளரும் எட்டுத் திட்டுகளிலும் சேர்த்து 43,921 செடிகள் இருந்தன. எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். பரப்போடு சேர்த்துப் பார்த்தால் சதுர மீட்டருக்குச் சராசரியாக ஒன்று என்ற கணக்கு. உலகின் மொத்தக் கையிருப்பும் அவ்வளவுதான். 2020 செப்டம்பரில், கலிஃபோர்னியா தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த நவோமி ஃப்ராகாவும் உயிரியல் பல்வகைமை மையத்தின் பாட்ரிக் டோனலியும் அங்கே சென்றபோது மேடு முழுவதும் சிறு குழிகள். செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டிருந்தன, வேர்கள் வெட்டப்பட்டிருந்தன. பின்னர் எண்ணிப் பார்த்ததில் 17,000க்கும் மேற்பட்ட செடிகள் அழிந்தோ சேதமுற்றோ போயிருந்தன. மொத்தத்தில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு.

மனிதர்கள் மண்வெட்டியோடு வந்து செய்த வேலை என்று மையம் உடனே அறிவித்தது. சந்தேகம் எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. நிறுவனம் மறுத்தது, விலங்குகளின் வேலை என்றது. சேதமுற்ற வேர்களிலும் அருகில் கிடந்த எச்சங்களிலும் மரபணு ஆய்வு செய்தார்கள். தரை அணில் போன்ற கொறிவிலங்குகளைத்தான் அது சுட்டியது. இனங்களைப் பட்டியலிடும் பொறுப்புள்ள அரசு அமைப்பான மீன் மற்றும் வனவிலங்குச் சேவையும் அந்த முடிவையே ஏற்றுக்கொண்டது. வறட்சி கடுமையான ஆண்டு அது. பாலையில் ஈரம் இருந்த ஒரே பண்டம் அந்தக் கொழுத்த ஆணிவேர்தான் போலும்.

செடியின் பக்கம் நிற்பவன் என்ற முறையில் இதைச் சொல்லியாக வேண்டும்: ஆதாரம் கைக்கு வருமுன் குற்றம் சாட்டியது தவறு. அந்த அவசரத்தால் சில மாதங்களுக்கு வாதம் முழுவதும் 'யார் தோண்டியது' என்பதிலேயே சிக்கிக்கொண்டது. எது நிகழ்ந்ததோ அதன் பொருள் பின்னுக்குத் தள்ளப்பட்டது. யோசித்துப் பாருங்கள். இயந்திரம் ஒன்றும் வராமலே, யாரும் தீமை நினைக்காமலே, ஒரே கோடையில் ஒரு இனத்தின் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. நூறு இடங்களில் பரவியிருக்கும் செடிக்கு அது ஒரு கெட்ட ஆண்டு. பத்து ஏக்கரில் மட்டும் வாழும் செடிக்கு அது வேறு விஷயம். செய்தது மனிதர்கள் அல்ல, அணில்கள் என்பதாலேயே செய்தி இன்னும் கவலைக்குரியதாகிறது. மனிதர் செய்தது என்றால் வேலி போட்டு, காவல் வைத்துத் தடுக்கலாம். வெப்பம் கூடி வறட்சி நீளும்போது தாகத்தில் வரும் அணிலை எந்தக் காவலாளி நிறுத்துவார்?

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. செடியைக் கண்ணாடிக்குடிலில் விதையிலிருந்து வளர்த்து வேறு இடத்தில் நடலாம் என்பது நிறுவனம் முன்வைத்த தீர்வுகளில் ஒன்று. அதற்கான ஆய்வுக்கும் நிறுவனமே நிதி தந்தது, பல்கலைக்கழகத்தார் நேர்மையாகவே செய்தார்கள். நாற்றுகள் முளைத்தன. ஆனால் மேட்டில் நட்டுப் பார்த்த நாற்றுகளும் விலங்குகளின் பல்லுக்குத் தப்பவில்லை. குடிலில் தண்ணீரும் நிழலும் கொடுத்து ஒரு செடியை உயிரோடு வைத்திருப்பது ஒன்று. அது வெளியில் தானே பூத்து, தானே விதைத்து, அடுத்த தலைமுறையை எழுப்பி, இருபது முப்பது ஆண்டுகள் நிற்பது வேறொன்று. அரிய தாவரங்களை இடம்மாற்றும் முயற்சிகள் உலகெங்கும் பெரும்பாலும் இந்த இரண்டாவது படியில்தான் சறுக்குகின்றன.

சட்டத்தின் கடிகாரம்

அமெரிக்காவின் அழியும் ஆபத்திலுள்ள இனங்கள் சட்டம் 1973இல் வந்தது. மனு வந்தால் முதற்கட்ட ஆய்வு, பிறகு முழு ஆய்வு, பிறகு முன்மொழிவு, பிறகு இறுதி விதி என்று அது நடக்கும். டீஹ்ம் பக்வீட் விஷயத்தில் முதற்கட்டத்திலேயே மனு ஏற்கத்தக்கது என்று 2020 ஜூலையில் மீன் மற்றும் வனவிலங்குச் சேவை சொன்னது. அடுத்த முடிவு தாமதமாகவே, மையம் நீதிமன்றம் சென்றது. 2021 வசந்தத்தில் நீதிமன்றம் கெடு விதித்தது. ஜூனில் பட்டியலிடத் தகுதி உண்டு என்ற முடிவும், அக்டோபரில் முன்மொழிவும் வந்தன. இறுதி விதி 2022 டிசம்பரில் வெளியானது. மனுவிலிருந்து இறுதி விதி வரை மூன்று ஆண்டுகளும் இரண்டு மாதங்களும். அணில் சம்பவம் அந்த இடைவெளிக்குள் நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இறுதி விதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 'முக்கிய வாழிடம்' பற்றிய அளவு. செடி நிற்பது பத்து ஏக்கர். சேவை வரையறுத்த முக்கிய வாழிடம் 910 ஏக்கர், சுமார் 368 ஹெக்டேர். ஏன் இந்த வேறுபாடு? செடிகளைச் சுற்றி 500 மீட்டர் வரை சேர்த்தார்கள். மகரந்தம் சுமக்கும் வண்டு, ஈ, குளவி, தேனீ ஆகியவற்றுக்கு இந்த ஒரு பூ மட்டும் போதாது. மே மாதத்துக்கு முன்பும் ஜூனுக்குப் பின்பும் அவை சாப்பிட வேறு பூக்கள் வேண்டும், கூடு கட்ட வெறும் மண் வேண்டும். பூச்சிகள் வந்துபோகும் பூக்கள் அதிக விதை வைக்கின்றன என்பதையும் ஆய்வுகள் காட்டியிருந்தன. ஒரு அரசு அலுவலகம், எல்லைக்கோட்டை நில அளவைக் கல்லால் அல்லாமல் தேனீ பறக்கும் தொலைவால் வரைந்தது. செடி என்பது தண்டும் இலையும் மட்டும் அன்று என்பதைச் சட்டத்தின் மொழியிலேயே ஏற்றுக்கொண்ட பக்கம் அது.

ஆனால் அதே சட்டத்தில் தாவரங்களுக்கு விலங்குகளை விடக் குறைந்த இடமே உண்டு. பட்டியலிலுள்ள விலங்கைக் கொல்வதோ துன்புறுத்துவதோ எந்த நிலத்திலும் பொதுவாகக் குற்றம். தாவரத்தைப் பிடுங்கி எடுப்பதற்கான தடை முக்கியமாகக் கூட்டாட்சி நிலத்துக்கே பொருந்தும். ரயோலைட் ரிட்ஜ் கூட்டாட்சி நிலம் என்பதால் இந்தச் செடிக்கு அந்தக் காப்பு கிடைத்தது. தனியார் நிலமாக இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று ஊகிப்பது கடினம் அன்று.

வரைபடத்தில் நகர்ந்த கோடு

பட்டியலிடப்படும் என்பது தெளிவானதும் நிறுவனம் 2022இல் திட்டத்தைத் திருத்தியது. சுரங்கக் குழியின் விளிம்பை நகர்த்தி, செடி இருக்கும் எட்டுத் திட்டுகளையும் நேரடியாகத் தொடாமல் வரைந்தது. இதைச் சிறு விஷயம் என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. மனு இல்லாவிட்டால் அந்தக் கோடு நகர்ந்திருக்காது. முதல் திட்டத்தோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான செடிகளுக்கு அது உயிர்ப்பிச்சை.

இருந்தும், புதிய வரைபடத்தில் செடித் திட்டுகள் குழியை ஒட்டிய தீவுகள் போல நின்றன. சில இடங்களில் சுரங்க வேலைக்கும் செடிக்கும் இடைவெளி மிகக் குறுகியது. 910 ஏக்கர் முக்கிய வாழிடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேலைக்குள் போகும் என்பதே 2024இல் ஒப்புதல் பெற்ற வடிவம். தேனீயின் தொலைவைக் கொண்டு வரைந்த வட்டத்துக்குள், அதே அரசு குழிக்கு இடம் கொடுத்தது. வெடிவைப்பதால் எழும் புழுதி, கூழாங்கல் போல நெருங்கிய இலைகளின் மேல் படியும். சரிவை வெட்டினால் மழைநீர் ஓடும் வழி மாறும். கிளறிய மண்ணில் ஹாலோஜெட்டன் என்ற அந்நியக் களை வேகமாகப் பரவும். அது மண்ணில் உப்பைக் கூட்டிச் சுற்றியுள்ள செடிகளை நெருக்கும். இவை ஒன்றும் 'செடியைத் தொடுதல்' என்ற கணக்கில் வராது. செடியைப் பூந்தொட்டியாகப் பார்த்தால் திருத்திய திட்டம் போதுமானது. மேட்டின் உடம்பாகப் பார்த்தால் போதாது.

மீன் மற்றும் வனவிலங்குச் சேவையின் உயிரியல் கருத்துரை, சுரங்கம் இனத்தின் இருப்பை ஆபத்துக்குள்ளாக்காது என்றது. 2024 அக்டோபர் 24 அன்று நில மேலாண்மைப் பணியகம் ஒப்புதல் அளித்தது. பைடன் அரசு அனுமதித்த முதல் லித்தியம் சுரங்கம் அதுவே. ஒரு வாரத்துக்குள் உயிரியல் பல்வகைமை மையமும், அப்பகுதிப் பழங்குடிகளான மேற்கு ஷோஷோனி மக்களின் பாதுகாப்பு அமைப்பும், சுரங்கங்களைக் கண்காணிக்கும் உள்ளூர் அமைப்பு ஒன்றும் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. செடியின் ஆரவாரத்தில் இந்த மக்களின் குரல் பெரும்பாலும் கேட்காமல் போயிற்று. அருகிலுள்ள கேவ் ஸ்பிரிங் என்ற நீரூற்று ஷோஷோனி மக்களுக்குத் தலைமுறைகளாகப் புனிதமான இடம். அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் நிலத்தையும் செடியையும் ஊற்றையும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிப்பதே விளங்காத வேலை.

பணம் எந்தப் பக்கம் ஓடியது என்பதையும் குறிக்க வேண்டும். செடி பட்டியலில் சேர்ந்தது 2022 டிசம்பரில். அடுத்த மாதமே, 2023 ஜனவரியில், அமெரிக்க எரிசக்தித் துறை அதே சுரங்கத்துக்கு 700 மில்லியன் டாலர் வரை கடன் தர நிபந்தனையுடன் ஒப்புக்கொண்டது. 2025 ஜனவரியில் அது 996 மில்லியன் டாலராக இறுதியானது. ஆண்டுக்குச் சுமார் 3,70,000 மின்சார வாகனங்களுக்குப் போதுமான லித்தியம் கிடைக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஒரு துறை வாழிடத்தை வரைந்துகொண்டிருந்த அதே பருவத்தில், இன்னொரு துறை சுரங்கத்துக்குக் காசோலை எழுதிக்கொண்டிருந்தது. இரண்டு துறைகளும் தத்தம் சட்டப்படி சரியாகவே நடந்தன. இடையில் அமர்ந்து இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை.

'காலநிலைக்காக' என்ற வாதம்

இந்த வாதத்தை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. சென்னைச் சாலைகளில் பச்சை எண்பலகை நாளுக்கு நாள் கூடுகிறது. அவற்றின் பேட்டரிக்குரிய லித்தியம் ஏதோ ஒரு மேட்டிலிருந்தோ உப்பளத்திலிருந்தோதான் வருகிறது. பெட்ரோல் புகையைக் குறைக்க வேண்டும் என்று விரும்பும் எவரும், எங்கும் எதையும் தோண்டாதீர்கள் என்று சொல்ல முடியாது. 2020 கோடையில் அணில்களை வேருக்கு விரட்டிய வறட்சியையும் மறக்க முடியாது. காலநிலை மாற்றமே இந்தச் செடிக்கு ஒரு எதிரி என்று இறுதி விதியும் பட்டியலிட்டிருக்கிறது.

ஆனால் வாதத்தில் ஒரு இடைவெளி இருக்கிறது. லித்தியம் உலகில் பல இடங்களில் கிடைக்கும் தனிமம். சிலியில், ஆஸ்திரேலியாவில், அர்ஜெண்டினாவில், நெவாடாவிலேயே வேறு பள்ளத்தாக்குகளில் இருக்கிறது. பழைய பேட்டரியிலிருந்து எடுத்து மறுசுழற்சி செய்யவும் முடியும். டீஹ்ம் பக்வீட் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒன்றுக்கு மாற்று உண்டு, மற்றதற்கு இல்லை. இரண்டையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து எடை பார்ப்பது எப்படி நியாயமாகும்? சுரங்கத்தை எங்கே வைப்பது என்ற முடிவில் இந்த வேறுபாட்டை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இங்கே அது கடைசியில்தான் கேட்கப்பட்டது, அதுவும் நீதிமன்ற வாசலில்.

2022 இறுதியில் உச்சத்தில் இருந்த லித்தியம் விலை அடுத்த இரண்டு ஆண்டுகளில் பாதாளத்துக்கு விழுந்தது. திட்டத்தில் பாதிப் பங்குக்கு 490 மில்லியன் டாலர் போட ஒப்புக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்கச் சுரங்க நிறுவனமான சிபான்யே-ஸ்டில்வாட்டர், இப்போதைய விலையில் வருவாய் போதாது என்று 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது. இதைச் செடிக்குக் கிடைத்த வெற்றி என்று சிலர் எழுதினார்கள். விலையால் கிடைத்த ஓய்வு விலை ஏறினால் முடிந்துவிடும். அதை நம்பிக்கையாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இனி எதைக் கவனிக்க வேண்டும்

சுரங்கம் வந்தாலும் வராவிட்டாலும் இந்த வழக்கிலிருந்து எடுக்க வேண்டிய வேலைப் பட்டியல் ஒன்று உண்டு. எட்டுத் திட்டுகளிலும் ஆண்டுதோறும் ஒரே முறையில் செடிகளை எண்ண வேண்டும். 2020 சேதத்துக்குப் பின் எந்தத் திட்டில் புது நாற்று எழுகிறது, எதில் எழவில்லை என்பதைத் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். மொத்த எண் நன்றாக இருந்தாலும் ஒரு திட்டு மெல்லக் காலியாகிக்கொண்டிருக்கலாம். செடியை மட்டும் எண்ணினால் போதாது. மே, ஜூனில் பூவுக்கு வரும் பூச்சிகளையும் எண்ண வேண்டும், ஏனென்றால் வாழிடத்தில் விழும் அடி முதலில் அங்கேதான் தெரியும். இலையின் மேல் படியும் புழுதியை, தோண்டத் தொடங்கும் முன்பே, அடிப்படை அளவாக எடுத்து வைக்க வேண்டும். பிறகு எடுத்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. இந்தக் கணக்குகளை நிறுவனத்தின் சம்பளம் வாங்காத ஒருவர் எடுக்க வேண்டும், எடுத்ததைப் பொதுவில் வைக்க வேண்டும்.

விதைகள் ஓரளவு சேமிக்கப்பட்டிருக்கின்றன, குடில்களில் நாற்றுகள் இருக்கின்றன. அவை காப்பீடு. மேடோ இன்னும் அங்கேயே இருக்கிறது, அடுத்த மே மாதம் மழை கொஞ்சம் கருணை காட்டினால் சாம்பல் திட்டுகளின் மேல் மறுபடியும் மஞ்சள் ஏறும்.